பொண்ணு ஃபான்ட் டிசைனர் ஆகணும்ங்கறா, படிக்க வைக்கலாமா?

சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு பன்னெண்டாவது காமர்ஸ் குரூப், நோட்டு பூரா தடிதடியா உருண்ட இங்கிலீஷ் எழுத்தா வரைஞ்சு வச்சிருக்கா, ஃபான்ட் டிசைனர், அதாவது அச்சுலயும் கம்ப்யூட்டர்லயும் வர்ற எழுத்து வடிவத்த உருவாக்கறவ, ஆகணும்னு சொல்றா, உங்களுக்கு இப்படி ஒரு வேலை இருக்கான்னே தெரியல, அதான பயம். வேலை இருக்கு சார். ஆனா இன்ஜினியரிங் மாதிரி நாலு வருஷம் படிச்சா கேம்பஸ்ல வந்து எடுத்துக்குவாங்கன்னு அதுக்குன்னே ஒரு நேர் ரூட் கிடையாது.

அவ வரைஞ்சதெல்லாம் கூப்பர் பிளாக் ஸ்டைல். இங்கிலாந்துல ஈசிஜெட்னு ஒரு விமானக் கம்பெனி, அதோட பிளேன்ல ஆரஞ்சு கலரோட பெருசா பேர் எழுதியிருக்கும் பாருங்க, அந்த எழுத்து. அத வரைஞ்சவர் ஆஸ்வால்ட் கூப்பர், 1879ல அமெரிக்கால ஒஹாயோல பொறந்து, படம் வரைய கத்துக்கணும்னு சிகாகோ போனவர், அங்க ஃப்ரெடெரிக் கௌடிங்கற எழுத்து டிசைனர்கிட்ட லெட்டரிங், அதாவது கையால எழுத்து வரையறத, கத்துக்கிட்டு 1904ல ஃப்ரெட் பெர்ட்ஷ்ங்கறவரோட சேர்ந்து ஒரு கம்பெனி வச்சு, விளம்பரத்துக்கு கையாலயே எழுத்து எழுதிக் குடுத்து சம்பாதிச்சார். அச்செழுத்து வார்க்கற பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் கூப்பர் பிளாக்க வெளியிட்டது 1922ல. அப்ப அவருக்கு நாப்பது தாண்டிடுச்சு. இத ஏன் சொல்றேன்னா, அவ்ளோ வருஷமும் சோறு போட்டது விளம்பர வேலை, ஃபான்ட் அந்த வேலைக்குள்ளேருந்து வந்தது. இன்னைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது.

அந்த எழுத்த பொண்ணுகிட்ட கிட்டத்துல வச்சு பாக்கச் சொல்லுங்க. செரிஃப்ங்கறது கோட்டோட நுனில இருக்கற சின்ன பாதம், சாதாரண ஃபான்ட்ல அது தட்டையா எழுத்து நிக்கற அடிக்கோட்டு மேல உக்காரும், கூப்பர் பிளாக்ல அடி உருண்டு அந்த அடிக்கோட்டுக்குக் கீழ லேசா இறங்கியிருக்கும், இங்கிலீஷ் O எழுத்தோட உள்வயிறு நேரா நிக்காம சாஞ்சு நிக்கும், உள்ள இருக்கற வெள்ளை இடம் ரொம்பக் கொஞ்சம். எல்லாமே உருண்டையா இருக்கறதால அச்சுல ஒரு எழுத்து துளி ஏறி எறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதான் 1960, 70கள்ல தேய்ச்சு ஒட்டற எழுத்து ஷீட், டி-ஷர்ட், கடை போர்டுன்னு எல்லா இடத்துலயும் பரவிச்சு. ஆனா அதையே சின்ன சைஸ்ல ஒரு பக்கம் முழுக்க அடிச்சா உள்ள இருக்கற வெள்ளை அடைஞ்சு போய் படிக்கவே முடியாது. எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கம்பெனில மதிப்பு, அழகா வரையறது மட்டும் பத்தாது சார்.

தமிழ்ல இது இன்னும் கஷ்டம், இன்னும் ஆசையான வேலை. உகர ஊகார வரிசை மட்டுமே 36 எழுத்து, கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மூ வேற மாதிரின்னு சேர்ற விதம் மாறிக்கிட்டே இருக்கும், ணூ, ஞூ எல்லாம் தடிமனா வரைஞ்சா உள்ள இடமே மிஞ்சாது, எந்தக் கோட்ட மெலிசாக்கறதுன்னு ஒவ்வொண்ணா முடிவு பண்ணணும். மும்பைல இருக்கற ஏக் டைப்ங்கற ஃபான்ட் கம்பெனி இத அழகா பண்ணியிருக்காங்க, பலூ தம்பின்னு அவங்க ஃபான்ட் கூகுள் ஃபான்ட்ஸ் சைட்ல ஃப்ரீயா கிடைக்குது (அதுல செரிஃப் கிடையாது, ஆனா தடிமன எப்படி சமாளிக்கறதுன்னு பாக்க அத விட நல்ல பாடம் இல்ல), டவுன்லோட் பண்ணி பெருசாக்கிப் பாக்கச் சொல்லுங்க.

சரி, படிப்பு. காமர்ஸ்ங்கறதால கவலையே வேணாம். டிசைன் படிப்புல சேர்றதுக்கான யூசீட் எக்ஸாம் எந்த குரூப் படிச்சவங்களும் எழுதலாம், ஐஐடி பாம்பே நடத்துது, அதுல கையால வரையற கேள்வியும் உண்டு. அகமதாபாத் என்ஐடிக்கு (இன்ஜினியரிங் என்ஐடி இல்ல, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) தனியா டாட் எக்ஸாம், ப்ரிலிம்ஸ், மெயின்ஸ்னு ரெண்டு கட்டம். ரெண்டையும் எழுத வைங்க. பி.டெஸ்ங்கற டிசைன் டிகிரில கம்யூனிகேஷன் டிசைன் எடுத்தா பேக்கேஜிங், பிராண்டிங், ஆப் டிசைன்னு நிறைய கதவு திறந்திருக்கும், எழுத்து மேல இருக்கற ஆசை அப்பவும் குறையலன்னா அப்புறம் இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டில டைப்ஃபேஸ் டிசைனுக்குன்னே மாஸ்டர்ஸ் இருக்கு. ஃபான்ட் மட்டுமே பண்ற கம்பெனி நம்ம நாட்டுல விரல் விட்டு எண்ணிடலாம், அத மட்டும் நம்பி இப்பவே இறக்கி விடாதீங்க. மூணு மாச சர்டிபிகேட் கோர்ஸ்னு சாஃப்ட்வேர் பட்டன் மட்டும் சொல்லிக் குடுத்து பணம் வாங்கறாங்க, அங்க சேர்த்துடாதீங்க ப்ளீஸ், என்கிட்ட வந்த ரெண்டு மூணு பிள்ளைங்க அப்படி ஏமாந்துட்டு அழுதிருக்காங்க.

லேப்டாப் இப்ப வாங்க வேணாம். ஃபான்ட் பண்ண கிளிஃப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் சொல்லுவா, அது ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும், அதே வேலைக்கு ஃபான்ட்ஃபோர்ஜ்னு இன்னொரு சாஃப்ட்வேர் இலவசம், வீட்டு கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம். அதுக்கும் முன்னாடி ஏ4 பேப்பர்ல பென்சிலால ப, ட, ம, ழ, கு, ணூ இந்த ஆறையும் ஒரே தடிமன்ல, ஒரே குடும்பம்னு தெரியற மாதிரி வரையச் சொல்லுங்க. அழிச்சு அழிச்சு எத்தன தடவ வேணாலும் வரையட்டும், அழிச்ச பேப்பரையும் தூக்கிப் போட வேணாம். எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு கூப்பிடறேன், அப்ப அவளையும் லைன்ல இருக்கச் சொல்லுங்க சார்.