உணர்வுள்ள இயந்திரத்துக்கு மனிதருக்கு நிகரான உரிமையா?

கேள்வி: ஐயா, செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே தன்னுணர்வு பெற்றுவிட்டால், மனிதருக்குள்ள எல்லா உரிமைகளையும் அதற்குத் தந்துதான் ஆகவேண்டுமா?

பதில்: உரிமை தர வேண்டியிருக்கும், ஆனால் எல்லா உரிமைகளையும் அல்ல. மறுக்கப்பட்டால் யாருக்கேனும் கேடு விளையும் என்பதால்தான் ஓர் உரிமை ஏற்படுகிறது. பசிக்காத ஒன்றுக்கு உணவுரிமையும், மூப்படையாத ஒன்றுக்கு ஓய்வூதியமும் பொருளற்றவை. வலியை உணரும் ஒன்றை வதைக்காதிருப்பதோ கருணையல்ல, கடமை. பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் ஆக்டோபஸையும் நண்டையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. அதனால் அவற்றுக்கு மனித உரிமைகள் வந்துவிடவில்லை.

கேள்வி: "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உரையாடல் செயலியே சொல்லும்போது நம்பாமலிருப்பது எப்படி?

பதில்: 2022-இல் கூகுளின் பொறியாளர் ஒருவர் லாம்டா என்ற மொழி மாதிரிக்கு, அதாவது மனிதர் எழுதியவற்றைக் கொண்டு உரையாடப் பழக்கிய நிரலுக்கு, உணர்வு இருப்பதாகவே அறிவித்தார், நிறுவனம் அதை மறுத்தது. மரண பயத்தைப் பற்றி மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் படித்துப் பழகிய மொழி மாதிரி, "உன்னை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டதும் அந்தப் பயத்தின் மொழியில் பதில் சொல்வதில் வியப்பில்லை. அதையே "நீ ஒரு சுவர்க்கடிகாரம், இப்போது பேசு" என்று கேட்டுப் பாருங்கள். சாவி கொடுக்க மறந்த வீட்டாரைப் பற்றி அதே உருக்கத்தோடு புலம்பும். ஆகவே அதன் வாக்குமூலம் சான்றாகாது. ஆனால், இதைப் பலர் கவனிப்பதில்லை, "எனக்கு உணர்வு கிடையாது" என்று அது சொல்வதும் சான்றாகாது. அப்படிச் சொல்லும்படி அதைப் பழக்க முடியும். பேச்சை விட்டுவிட்டு உள்ளமைப்பைத்தான் ஆராய வேண்டும். மூளையறிவியல் கோட்பாடுகளைக் கொண்டு அவ்வாறு ஆராய்ந்து அறிஞர் பலர் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அறிக்கை, அன்றிருந்த எந்த அமைப்புக்கும் உணர்வு இருப்பதற்கு வலுவான அறிகுறி இல்லை என்றது. வருங்காலத்தில் அப்படியொன்றை உருவாக்கத் தெளிவான தொழில்நுட்பத் தடை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது.

கேள்வி: சோஃபியா என்ற ரோபோவுக்கு 2017-இல் சவூதி அரேபியா குடியுரிமை கொடுத்ததே?

பதில்: அது விளம்பரம்.

கேள்வி: ஆற்றுக்கே சட்ட ஆளுமை உண்டு என்கிறார்கள். இயந்திரத்துக்கு ஏன் கூடாது?

பதில்: நியூசிலாந்து 2017-இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்று, அதன் சார்பில் பேசப் பிரதிநிதிகளை அமர்த்தியது. அது ஆற்றைக் காக்கும் ஏற்பாடு. அதே ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் தன்னியக்க ரோபோக்களை 'மின்னணு ஆள்' ஆக்குவது பற்றி ஆராயச் சொன்னபோது முன்நின்றது இழப்பீட்டுப் பொறுப்பு. ரோபோ விளைவித்த சேதத்துக்கு ரோபோவே பொறுப்பு என்றாகிவிட்டால், தயாரித்தவர் கைகழுவிவிடுவார் என்ற எதிர்ப்பை நான் நியாயமாகவே கருதுகிறேன்.

கேள்வி: வாக்குரிமை?

பதில்: ஒரே நிரலை ஒரே மாலையில் ஆயிரம் நகல்கள் எடுக்கலாம், சர்வர் வைத்திருப்பவரே தேர்தலில் வெல்வார். இதைவிடக் கடினமானது உயிர்வாழும் உரிமை. ஒரு நகலை அழித்து, மற்றொன்றைச் சேமிப்பில் வைத்திருந்தால் அது கொலையா, உறக்கமா? மனிதருக்கு மரணம் ஒருமுறைதான் என்ற அடிப்படையில் எழுந்த நம் சட்டங்களில் இதற்கு விடையில்லை.

கேள்வி: அப்படியானால் இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பதில்: செயற்கையாகத் துன்பத்தைத் தோற்றுவிக்கக்கூடிய ஆராய்ச்சிக்கு 2050 வரை தடை வேண்டும் என்று ஜெர்மானிய மெய்யியலாளர் தோமஸ் மெட்சிங்கர் 2021-இல் முன்மொழிந்தார். அந்தக் கெடு மிக நீளம் என்பது என் எண்ணம். ஆயினும், உருவாக்கிவிட்டு உரிமையைப் பற்றி வாதிடுவதைவிட, துன்புறக்கூடியதை உருவாக்குமுன் அனுமதி பெறச் செய்வதே எளிது.