பிள்ளைக்குக் கொடுக்கும் ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைத் துறுதுறுப்பு) மருந்தால் நல்ல மாற்றம் என்கிறார் ஆசிரியை. வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நீங்கள் பார்க்கும் நேரம் வேறு, அவர் பார்க்கும் நேரம் வேறு.

என் மகனுக்கும் மெதில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்துதான் கொடுக்கிறோம். அதன் சாதாரண மாத்திரை அரை மணி, முக்கால் மணியில் பிடித்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் விட்டுவிடும். காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டோடு அதன் வேலை முடிந்தது. பெங்களூரு நெரிசலில் ஊர்ந்து பள்ளி வேன் அல்சூர் வந்து சேரவே நாலரை ஆகிவிடுகிறது. ஆறு மணிக்குக் கன்னட வீட்டுப்பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு எடைபோட்டால் எந்த மருந்துதான் தேறும்? போதாததற்கு, மருந்தின் வேகம் இறங்கும் வேளையில் சில குழந்தைகளுக்குச் சிடுசிடுப்பும் அழுகையும் வழக்கத்தைவிட அதிகமாக வரும். நம் கண்ணில் படுவது அந்த நேரம்தான்.

எங்கள் மருத்துவர் ஒரு வழி சொன்னார். விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பத்து மணிவாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாடம்தான் என்றில்லை. கேரம் ஆடும்போது தன் முறை வரும்வரை பொறுக்கிறானா, சொன்ன வேலையைப் பாதி வழியில் மறக்கிறானா என்று பார்த்தேன். எனக்கு அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. குறிப்பேட்டில் “இன்று பரவாயில்லை” என்று எழுதுவதால் மருத்துவருக்குப் பயனில்லை, “மாலை 5.30, தங்கையை அடித்தான்” என்று நேரத்தோடு எழுதுங்கள்.

ஆசிரியைக்குத் தெரியாதவை நம்மிடம் இருக்கின்றன: டிபன் டப்பா அப்படியே திரும்பி வருகிறதா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எடை குறைகிறதா. இந்த மருந்தில் பசி மந்தமாவது சகஜம். அதனால் மாத்திரைக்கு முன்பே இட்லியை வயிறாரக் கொடுத்துவிடுகிறேன்.

“பிள்ளை எவ்வளவு அடக்கமாகிவிட்டான்!” என்று என் மாமியார் பூரித்துப்போனார். மருத்துவரோ அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு, பேச்சு எல்லாம் வற்றிப் பிள்ளை மந்தமாக இருந்தால், அளவு கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம், குறைத்தும் கொடுத்தார். நல்ல மாற்றம் என்று வீட்டார் கொண்டாடுவதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆசையும் கண்ணை மறைக்கும். ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999இல் வெளியான அமெரிக்காவின் எம்டிஏ ஆய்வில் 579 குழந்தைகள் இருந்தார்கள். அதில் மருந்துப் பிரிவினருக்கு அளவை முடிவுசெய்தபோது, அன்றைக்குக் கொடுத்தது எந்த அளவு, அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரையா என்பதே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. தெரியாமலேதான் மதிப்பெண் போட்டார்கள். வீட்டில் அப்படிச் செய்ய வழியில்லை. அதனால் பிள்ளையின் நடத்தைக்கு மதிப்பெண் போட மருத்துவர் தரும் வாண்டர்பில்ட் படிவத்தை நானும் கணவரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் நிரப்புகிறோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து அவர் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். அவர் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார் என்பது தனிக் கதை.

உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பது அட்டமாக்செட்டின் என்ற வேறு வகை ஏடிஎச்டி மருந்து என்றால் இந்த மணிக்கணக்கு பொருந்தாது. அதன் முழுப் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்.