மொடியூல் போய்விட்டது என்றால் உடனே வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். போன கிழமை பின்னேரம் இடி மின்னலோடு பெரிய மழை. அன்றிலிருந்து டிரையரின் 4 வெப்பநிலைகளும் பேனல் திரையில் −37.5 என்றே நிற்கின்றன. பீ.எல்.சி.யின் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மற்ற வேலைகளில் குறையில்லை. கொழும்பிலிருந்து வந்த விநியோகஸ்தரின் ஆள் பேனலைத் திறந்து பார்த்துவிட்டு, "அனலொக் இன்புட் மொடியூல் போய்விட்டது, புதுசு போட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விலைமனு 2 லட்சத்துக்கு மேல். ஆனால் மொடியூலில் பச்சை விளக்கு எரிகிறது. வாங்கவா வேண்டாமா என்று துரை (மனேஜர்) என்னைக் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: இன்னும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெப்பநிலைச் சிக்னலை எண்ணாக மாற்றிப் பீ.எல்.சி.க்குக் கொடுக்கும் அந்த மொடியூல் உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் அதை யாரும் இதுவரை அளந்து காட்டவில்லை. பேனலைத் திறந்து பார்ப்பது பரிசோதனை ஆகாது.

முதலில் அந்த −37.5ஐக் கவனியுங்கள். வெப்பநிலையை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் உங்கள் டிரான்ஸ்மிட்டர்கள் 0 முதல் 150 பாகை வரைக்கானவை என்றால், 0 பாகைக்கு 4 மில்லியம்பியர், 150 பாகைக்கு 20 மில்லியம்பியர் அனுப்பும். அதாவது 16 மில்லியம்பியருக்கு 150 பாகை. மின்னோட்டம் ஒன்றுமே வராவிட்டால் கணக்கு பூச்சியப் பாகைக்குக் கீழே 4 மில்லியம்பியருக்குரிய அளவு இறங்கும். அது சரியாக −37.5 பாகை. ஆகவே திரை சொல்வது "எனக்கு மின்னோட்டம் கிடைக்கவில்லை" என்பதைத்தான். (சில கம்பனிகளின் மொடியூல்கள் இதே நிலையில் 32767 போன்ற ஒரு பெரிய எண்ணைக் கொடுக்கும்.) உள்ளீட்டுப் பகுதி எரிந்த மொடியூலும் இதையே காட்டக்கூடும் என்பதால் அதைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் விழுந்திருப்பதைப் பார்த்தால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர்களுக்குப் போகும் 24 வோல்ட்.

பச்சை விளக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல மொடியூல்களில் அந்த விளக்கு பீ.எல்.சி.யின் உள்பக்க மின்சாரத்தில் எரியும். வெளிப்பக்க 24 வோல்ட் தனி வழியாக வரும். பவர் சப்ளையின் விளக்கு எரிந்தாலும், அதற்கும் டெர்மினலுக்கும் நடுவில் உள்ள சின்ன கண்ணாடி பியூஸ் போயிருக்கலாம். இடி விழுந்த பிறகு நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த பியூஸைத்தான்.

வேலையைத் தொடங்குமுன் டீமேக்கரிடம் (தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) சொல்லி டிரையரை நிறுத்துங்கள். அடுப்பு எரியும்போது இந்த வயர்களைக் கழற்றவே கூடாது. வெப்பநிலை தெரியாமல் டிரையர் ஓட்டோவில் (தானியங்கி முறையில்) ஓடினால் தேயிலை கருகுவதோடு நிற்காது, தீப்பிடிக்கவும் கூடும்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுங்கள். 24 வோல்டைப் பவர் சப்ளையில் அளக்காமல், வயர் போய்ச் சேரும் டெர்மினலில், டிரான்ஸ்மிட்டர்கள் இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். அங்கே 20க்குக் கீழே இறங்கினால் சிக்கல் அந்தப் பக்கம்தான். சரியாக இருந்தால், ஒரு வெப்பநிலையின் வயரைக் கழற்றி மீட்டரை மில்லியம்பியரில் தொடராக இணையுங்கள். காலையில் ஆறிக் கிடக்கும் டிரையரில் 18 பாகை இருந்தால் சுமார் 5.9 மில்லியம்பியர் வர வேண்டும். பூச்சியம் காட்டினால் உடனே டிரான்ஸ்மிட்டரைக் குறை சொல்லாதீர்கள். மீட்டரின் உள்ளே இருக்கும் மில்லியம்பியர் பியூஸ் போயிருந்தாலும் பூச்சியம்தான் வரும். மீட்டரின் கம்பியை மில்லியம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போய் அந்த பியூஸை எரித்த மீட்டர்கள் தொழிற்சாலைகளில் ஏராளம்.

5.9 போல ஒரு நியாயமான அளவு மீட்டரில் வந்து, திரை மட்டும் −37.5லேயே நின்றால், சந்தேகம் மொடியூல் பக்கம் திரும்புகிறது. அதை உறுதிப்படுத்த லூப் கலிபிரேட்டர் (வேண்டிய மில்லியம்பியரைக் கொடுக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புதிய 9 வோல்ட் பற்றரியும் ஒரு கிலோஓம் தடையும் போதும். அந்தச் சனலின் (ஒரு வெப்பநிலைக்கான உள்ளீட்டின்) வெளி வயர்களை முழுதாகக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையைத் தடை வழியாக உள்ளீட்டின் நேர்முனைக்கும், எதிர்முனையை எதிர்முனைக்கும் கொடுங்கள். மொடியூலின் உள்தடை 250 ஓம் என்றால் 7.2 மில்லியம்பியர் ஓடும், திரை 30 பாகை காட்டும். உள்தடை குறைவான மொடியூலில் 40க்குச் சற்று மேலே போகலாம். எண் அசைந்தால் மொடியூல் உயிரோடு இருக்கிறது. தடை இல்லாமல் பற்றரியை ஒருநாளும் நேரடியாகக் கொடுக்காதீர்கள், நல்ல உள்ளீடும் எரிந்துவிடும். மொடியூலே டிரான்ஸ்மிட்டருக்கு 24 வோல்ட் கொடுக்கும் வகையாக இருந்தால் பற்றரி வேண்டாம். கைநூலைப் பார்த்து, டிரான்ஸ்மிட்டரின் இடத்தில் 2.2 கிலோஓம் தடையைப் போட்டால் 10 மில்லியம்பியர் அளவில் ஓடும்.

ஒரு சனல் அசையாவிட்டால் மற்றதையும் பாருங்கள். ஒன்றிரண்டுதான் போயிருந்து, காலியான சனல் இருந்தால், வயரை அங்கே மாற்றி நிரலிலும் மாற்றினால் போதும். நான்கும் அசையாவிட்டால் விநியோகஸ்தரின் ஆள் சொன்னது சரி. அப்போது தயங்காமல் வாங்குங்கள்.

வாங்கும்போது பெயரை மட்டும் எழுதாமல், பக்கத்தில் ஒட்டியிருக்கும் முழு ஓடர் இலக்கத்தையும் கடைசி எழுத்து வரை எழுதிக் கொடுங்கள். முன்பக்க கனெக்டர் விலைக்குள் அடங்குகிறதா, புதிய மொடியூலுக்கு நிரலில் மாற்றம் தேவையென்றால் அதைச் செய்வது யார் என்று கேளுங்கள். நிரலின் பிரதி தொழிற்சாலையிடம் இல்லையென்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எந்த அளவீட்டை வைத்துப் பழுது என்று முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் கேட்பது. பெட்டியைப் பிரித்த மின்னணுப் பொருளைப் பலரும் திரும்ப எடுப்பதில்லை. அதனால், "உங்கள் பரிசோதனையை நம்பித்தான் வாங்குகிறோம், இதைப் போட்டும் சரிவராவிட்டால் திருப்பி எடுக்க வேண்டும்" என்ற வரியை ஓடரிலேயே போடச் சொல்லுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கும்போது, பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. வாய்ப்பேச்சாக இருந்தால் இதை நிரூபிப்பது கடினம். பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும் உங்கள் கையில் இருக்கட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போக நேர்ந்தால் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

புதியதை மாட்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. கழற்றிய சிக்னல் வயர்களில் 230 வோல்ட் எங்காவது கசிகிறதா என்று அளந்து பாருங்கள். பழையதைக் கொன்ற காரணம் வயரில் இருந்தால் புதியதும் அன்றே போய்விடும். நம் மலைப்பக்கம் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி வழக்கம். பாறை நிலத்தில் எர்த் எடுப்பதும் கஷ்டம். டிரையரிலிருந்தும் வாட்டும் தொட்டிகளிலிருந்தும் வரும் நீளமான கேபிள்களுக்கு சிக்னல் சர்ஜ் புரொட்டெக்டர் (மின்னலால் வயரில் பாயும் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) போடச் சொல்லித் துரையிடம் இந்த விலைமனுவைக் காட்டியே கேளுங்கள், மறுக்கமாட்டார். கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறையை) பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணினால் போதும்.

கேள்வி: எங்கள் மொடியூல் இப்போது உற்பத்தியில் இல்லை. இணையத்தில் பாவித்த ஒன்று மூன்றிலொரு பங்கு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: உற்பத்தி நின்றதற்குப் பாவித்ததை வாங்குவதில் தவறில்லை. "வேலை செய்யும்" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல், ஒவ்வொரு சனலுக்கும் 4, 12, 20 மில்லியம்பியர் கொடுத்து அளவு காட்டும் வீடியோவைக் கேளுங்கள். அதில் உங்களுக்கு வரப்போகும் மொடியூலின் தொடரிலக்கம் தெரிய வேண்டும். 12க்கு அளவெல்லையின் சரிபாதி வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்ததும் அலுமாரியில் வைக்காமல், திருப்பி அனுப்பும் கால எல்லைக்குள் பேனலில் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிய பிறகுதான் அது மூன்றிலொரு பங்கா என்று தெரியும்.