அதிரப்பள்ளி: அருவிக்கு மேலேயும் ஆறு இருக்கிறது

கேள்வி: குடும்பத்தோடு அடிக்கடி அதிரப்பள்ளிக்குப் போய் வருபவன் நான். அருவியில் தண்ணீர் நிற்காமல் விழும்படி பார்த்துக்கொள்கிறோம் என்று கேரள மின்வாரியமே உறுதி சொன்ன பிறகும், அங்கே அணையே கூடாது என்று எழுதுகிறீர்கள். கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீரில் மின்சாரம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? அடுத்த மாநிலத்து விவகாரத்தில் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் அதைக் கேட்டிருப்பது என்னை உறுத்துகிறது. உங்கள் ஊர் வாய்க்காலில் வருகிற பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீரில் கணிசமான பங்கு, அதிரப்பள்ளி அருவியாக விழுகிற அதே சாலக்குடி ஆற்றுத் தண்ணீர். மேல் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கு அணைகளும் அந்த ஆற்றின் கிளைகளில் நிற்பவை. மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பித்தான் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் தென்னையும் மக்காச்சோளமும் விளைகின்றன. இதற்கான ஒப்பந்தத்தில் இரு மாநிலங்களும் 1970இல் கையெழுத்திட்டன. அது 1958 நவம்பரிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கணக்கு. அந்த ஆற்றில் நாம் இத்தனை காலமாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். அது எங்கேயோ ஓடுகிற ஆறு என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

சரி, ‘வீணாகப் போகிற தண்ணீர்’ என்ற பேச்சுக்கு வருவோம். நாம் திருப்பிக்கொண்டது போக மிஞ்சியது கேரளத்துச் சோலையாறு அணையிலும் பெரிங்கல்குத்து அணையிலும் தேங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. சுமார் 145 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றுக்கு ஏற்கெனவே ஆறு அணைகள். வாழச்சால், அதிரப்பள்ளி அருவிகளைத் தாண்டினால் தும்பூர்மூழித் தடுப்பணை. அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரியும் கால்வாய்கள் சுமார் 14,000 ஹெக்டேருக்குப் பாசனம் தருகின்றன. அதற்கும் கீழே கரையோர ஊராட்சிகளின் குடிநீர். கடைசியில் பெரியாற்றோடு சேரும் இடத்துக்கு அருகே, கோடையில் ஆற்றின் வேகம் தளர்ந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். அதைத் தள்ளி நிறுத்துவதும் இதே தண்ணீர்தான். இதில் எந்தச் சொட்டு வீணாகிறது என்று காட்டுங்கள்.

இப்போது அந்த உறுதிமொழி. திட்டம் என்னவென்று பார்த்துவிட்டு அதை எடைபோடுவோம். அருவிக்கு மேலே, வாழச்சாலுக்கும் மேலே, 23 மீட்டர் உயரத்தில் 311 மீட்டர் நீளத்துக்கு அணை. அங்கிருந்து 4.69 கிலோமீட்டர் சுரங்கம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், அருவியைத் தாண்டிக் கீழே கண்ணங்குழி பக்கத்தில் கட்டும் மின்நிலையத்தில் விடும். மின்நிலையத்தின் திறன் 160 மெகாவாட். அணையின் அடியிலேயே 3 மெகாவாட்டுக்கு ஒரு சிறு நிலையம். அந்தச் சிறு நிலையத்தின் வழியாக வருகிற தண்ணீரும் மழைக்கால வெள்ளமும்தான் அருவிக்கு மிச்சம். பெரிய நிலையம் முக்கியமாக ஓட வேண்டியது மின்தேவை உச்சத்தில் இருக்கும் இரவு ஏழு மணி முதல் பதினொரு மணி வரை. அதாவது கோடையில் நாளெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்து, ராத்திரி நான்கு மணி நேரம் திறந்துவிடுவார்கள். பகலில் கணுக்கால் அளவு ஓடும் ஆறு இருட்டில் திடீரென்று பெருகும். கரையோரத்தில் வலை போடுகிறவர்களும், துணி துவைக்கிறவர்களும், பாறை இடுக்கில் முட்டையிடும் மீனும் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டுமாம். தும்பூர்மூழியில் சீராக வர வேண்டிய தண்ணீர் மொத்தமாக வந்து மொத்தமாக வடிந்தால் கால்வாய்க் கடைமடைக்காரரின் கதி என்ன என்பதை, பிஏபி-யில் முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அருவி விஷயத்தில் வாரியம் வாக்கைக் காப்பாற்றினாலும் நான் இந்த அணையை எதிர்ப்பேன். அருவி நமக்குப் பழகிய காட்சி. போனவர்கள் எல்லோரும் படமெடுத்து வந்திருக்கிறோம். எனவே அது பிழைத்தால் ஆறே பிழைத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையான இழப்பு பார்வையாளர் கம்பித் தடுப்புக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. நீரில் மூழ்கவிருந்த 104 ஹெக்டேரும் அதைச் சுற்றியுள்ள காடும்தான் அந்த இடம். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் ஆற்றோரமாகவே வளர்ந்து நிற்கிற காடு அது. மேற்குத்தொடர்ச்சி மலையில் இவ்வளவு தாழ்வான உயரத்தில் இருந்த ஆற்றங்கரைக் காடுகள் ரப்பராகவும் தேக்காகவும் அணை நீராகவும் மாறிப் பெரும்பாலும் போய்விட்டன. பரம்பிக்குளம் காட்டுக்கும் பூயம்குட்டிக் காட்டுக்கும் இடையே யானைகள் போய்வருகிற வழியும் இதுதான்.

தென்னிந்தியாவில் உள்ள நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் வாழச்சால் காட்டில் இருக்கின்றன. பெரிய இருவாச்சி கூடு வைக்கும் விதம் தெரியுமா? ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரத்தில், முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் பெட்டை புகுந்துகொண்டு வாசலைத் தானே பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். அப்புறம் மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழமும் மற்றக் காட்டுப் பழங்களும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும். அது ஒரு நாள் வராமல் போனால் உள்ளே இருப்பவற்றின் பாடு திண்டாட்டம். பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் பருக்க எத்தனை தலைமுறை ஆகும்! ஈடாக வேறிடத்தில் கன்று நடுகிறோம் என்பவர்கள், அந்தக் கன்றில் எந்த ஆண்டு பொந்து விழும் என்று சொல்லட்டும்.

அந்தக் கூடுகளைக் கண்காணிப்பவர்கள் அங்கேயே வாழும் காடர் பழங்குடி மக்கள். ஒரு காலத்தில் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்தவர்களின் பிள்ளைகள், இன்று மரத்தடியில் விழும் விதைகளையும் எச்சத்தையும் பார்த்துக் கூட்டின் நிலையைக் குறித்து வைக்கிறார்கள். பிரம்பு ஆமையின் கதையும் இவர்களைச் சேர்ந்ததுதான். ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆராய்ச்சியாளர் கண்ணில் படாமல் இருந்த அந்த ஆமையை, சென்னைப் பாம்புப் பண்ணையில் பணியாற்றிய ஜே. விஜயா 1982இல் சாலக்குடிக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார். உதவியவர்கள் காடர்கள். அந்த ஆமையின் பேரினத்துக்கே இன்று விஜயாவின் பெயர்.

கேரளத்தில் காடர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். வால்பாறை, டாப்சிலிப் பக்கம் இருப்பவர்களும் அவர்களுடைய சொந்தபந்தங்களே. பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று ஒவ்வோர் அணை வந்தபோதும் இடம் பெயர்க்கப்பட்டவர்கள். புதிய அணைக்குக் குறித்த இடம் வாழச்சால் குடியிருப்பிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வன உரிமைச் சட்டப்படி 2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கும் சமூக வன உரிமை கிடைத்தது. காட்டையும் நீரையும் காக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவர்களுடைய ஊர்க்கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்கிறவர்கள் ஒரே குடும்பத்தை நான்காவது முறை மூட்டை கட்டச் சொல்வதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

இந்தத் திட்டத்துக்கு 1998இலும் 2005இலும் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இரண்டும் கேரள உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பதே இரண்டு முறையும் குறை. 2007இல் மூன்றாம் முறை வாங்கினார்கள். 2011இல், மேற்குத்தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழு இந்தத் திட்டத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்றது. 2017இல் அந்த அனுமதியும் காலாவதியானது. அப்படியும் 2020 ஜூனில் மாநில அரசு மின்வாரியத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது. வேளாண் அதிகாரி வேலையை விட்டுவிட்டு இந்த ஆற்றுக்காகவே வாழ்ந்த டாக்டர் ஏ. லதா 2017 நவம்பரில் மறைந்தார். அந்தச் சான்றை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் திரட்டி வைத்த நீரோட்டக் கணக்குகளும், சேர்த்து வைத்த கரையோர மக்களும் அப்போதும் எதிரே நின்றார்கள். ஒரு முறை வென்றால் ஆறு காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. கட்ட விரும்புகிறவர்கள் ஒரே ஒரு முறை வென்றால் போதும்.

மின்சாரம் வேண்டாமா என்றால், வேண்டும். கேரளத்தின் மாலைநேரப் பற்றாக்குறை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2024 கோடையில் அந்த மாநிலத்தின் உச்சத் தேவை 5,500 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் இந்தத் திட்டத்தின் இரண்டு நிலையங்களும் சேர்ந்து தரும் 163 மெகாவாட் என்பது நூற்றுக்கு மூன்றுகூட வராது. அதுவும் தண்ணீர் முழுதாக இருந்தால். தேவை உச்சத்துக்குப் போகும் ஏப்ரலில்தான் ஆறு மெலிந்து கிடக்கும். பகலில் சூரிய மின்சாரத்தைச் சேமித்து இரவில் எடுக்கும் மின்கலத் தொகுப்புகள் வந்துவிட்ட காலத்தில், இதே வேலைக்கு ஒரு காட்டை மூழ்கடிக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

எதிர்க்கருத்தை இங்கே வெளியிடத் தயக்கமில்லை, மறுபடி எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் பகுதிப் பாசன சங்கக் கூட்டத்தில், நமக்கு வரும் தண்ணீரைக் கொடுக்கிற ஆற்றின் மீதிக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதையும் கடிதத்தில் சேர்த்து அனுப்புங்கள்.