கேள்வி பதில்: சின்ன வயசு எவ்வளவு தூரம் கூடவே வரும்?

குழந்தை வளர்ச்சி பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் உங்களைப் பற்றியே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மூன்று வயதுக்கு முன் நடந்தது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஞாபகமே இல்லாதது ஒருவரை எப்படிப் பாதிக்கும்?

பதில்: நடந்ததைச் சம்பவமாகச் சேமிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் அந்த வயதில் முழுசாக முதிர்ந்திருக்காது. அதனால் படம் நிற்காது, பழக்கம் நிற்கும். முதன்முதலில் எப்போது நடந்தீர்கள் என்று தெரியாது, நடக்க மறக்கவில்லையே. அழுதால் ஆள் வரும், அல்லது வராது என்பதையும் கைக்குழந்தை அப்படித்தான் பழகிக்கொள்கிறது.

கேள்வி: அக்கா, நேற்று நாலு வயசுப் பையனிடம் வீடே அதிரக் கத்திவிட்டேன். மூலையில் போய் நின்றுகொண்டான். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஆயுசுக்கும் அவன் மனசில் நிற்குமா?

பதில்: ஒரு நாள் கத்தலில் பிள்ளை கெட்டுப்போகாதும்மா. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சில நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும், எதையாவது சுட்டிக்காட்டும், கீச்சென்று கத்தும். ஒன்றுக்கும் பலனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அடுத்த நிமிஷம். அம்மா முகம் மலர்ந்ததும் குழந்தை உடனே சிரித்துவிடாது. சிணுங்கி, ஓரக்கண்ணால் பார்த்து, அப்புறம்தான் வரும். சாதாரண நாளிலேயே அம்மாவும் குழந்தையும் ஒத்துப்போகும் நேரம் சுமார் 30 சதவீதம்தான் என்று ட்ரானிக் கண்டார். மற்றதெல்லாம் தவறுவதும் சரிசெய்வதும். இன்றைக்கே அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, “அம்மா கத்தினது தப்பு, பயந்துட்டியா?” என்று கேளுங்கள். “நீ அப்படிப் பண்ணதாலதான்” என்று வால் சேர்க்காதீர்கள். தினமும் கத்தல், அதன்பின் மௌனம் என்றால் அது வேறு கதை.

கேள்வி: எங்களையெல்லாம் அடித்துத்தான் வளர்த்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம்?

பதில்: “அடி வாங்கித்தான் நன்றாக இருக்கிறேன்” என்பதை “அடி வாங்கியும் நன்றாக இருக்கிறேன்” என்று ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பாருங்கள் சார்.

கேள்வி: சிறுவயதுக் கொடுமைகள் பற்றிய பத்துக் கேள்வி டெஸ்ட் எடுத்தேன். ஆறு வந்தது. எனக்கு நோய் வருவது நிச்சயமா?

பதில்: இல்லை. அந்த டெஸ்ட்டின் வேர், ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் கலிபோர்னியாவில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு. மொத்தம் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். சிறுவயதுக் கொடுமைகளின் எண்ணிக்கை கூடக் கூட மனச்சோர்வு, குடி, இதயநோய் எல்லாமே கூடியது. ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. தனியாள் ஒருவருக்கு ஜாதகம் பார்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆண்டாவும் சக ஆய்வாளர்களும் 2020இல் எழுதவே வேண்டியிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றுகூட “உங்களுக்காக யார் நின்றார்கள்?” என்று கேட்பதில்லை.

அதைக் கேட்டவர் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர். ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களானார்கள். அவர்கள் வாழ்க்கையில் மறுபடி மறுபடி தென்பட்டது, கைவிடாத ஒரு பெரியவர். பாட்டி, அத்தை, ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். உங்களுக்கு யார் என்று யோசியுங்கள். அவர் உயிரோடிருந்தால் போன் போடுங்கள்.

கேள்வி: இனிப்பைத் தின்னாமல் காத்திருக்கும் குழந்தைதான் முன்னுக்கு வருமாமே? என் மகள் பத்து வினாடி தாங்கவில்லை.

பதில்: தின்னட்டும் விடுங்கள். அது ஒரு பழைய சோதனையிலிருந்து வந்த பேச்சு. 900க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து 2018இல் திரும்பப் பார்த்தபோது, காத்திருப்பதற்கும் பின்னால் முன்னுக்கு வருவதற்கும் இருந்த தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது.

கேள்வி: இரண்டரை வயது வரை காப்பகத்தில் இருந்த குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிறாள். தாமதமாகிவிட்டதா?

பதில்: ருமேனியாவின் புக்கரெஸ்டில் ஒரு ஆய்வுக்காக, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம் என்பது உண்மை. ஆனால் இரண்டு வயதில் கதவு அறைந்து சாத்தப்படுவதில்லை. அப்புறம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். ஒளித்துவைப்பது திருட்டு இல்லை, பழைய பசி. திட்டாமல் அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தின்பண்ட டப்பா வையுங்கள். அது ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. புது ஆள் யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்கிறாளா என்றும் கவனியுங்கள். இருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 58. அப்பா போய்ப் பத்து வருஷமாகிறது, கோபம் போகவில்லை. இனி என்ன செய்ய?

பதில்: பெரியவர்களிடம் பிள்ளைப்பருவம் பற்றிப் பேட்டி கண்ட மேரி மெய்ன் என்ற உளவியலாளர், கதை இனிதா கசப்பா என்பதைவிட அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்தார். கசந்த கதையையும் மழுப்பாமல், அதிலேயே மூழ்காமல் சொல்ல முடிந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளோடு நல்ல பிணைப்போடு இருந்தார்கள். ஒரே ஒரு நாளை எடுத்து எழுதுங்கள் ஐயா. அன்று அவர் என்ன சட்டை போட்டிருந்தார், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது வரை. மன்னிப்பதா இல்லையா என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம். எழுதும்போது தூக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு, அந்தத் தாளை அப்படியே ஒரு ஆலோசகரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.