கட்டடப் பணத்தைக் கேட்டால் வகுப்பு வராது

கேள்வி: எங்கள் ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லில் கம்யூனிட்டி காலேஜ் பாண்டு என்று மூன்று வரிகள். ஆண்டுக்கு அறுநூறு டாலருக்கு மேல் போகிறது. அதே காலேஜில் வகுப்புகளை வெட்டுகிறார்கள். பக்கத்திலேயே கண்ணாடி மாளிகை போல ஓர் உடற்பயிற்சிக் கூடம் எழும்புகிறது. போர்டு கூட்டத்துக்குப் போய் மூன்று நிமிடம் பொரிந்து தள்ளினேன். ஒருவரும் பதில் பேசவில்லை. இவர்களைக் கேட்க ஆளே இல்லையா?
— ஒரு வாசகர், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி

பதில்: ஆள் இருக்கிறது. நீங்கள்தான் தப்பான கவுன்டரில் நின்றிருக்கிறீர்கள்.

முதலில் அந்த மௌனம். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்களுக்கான கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை போர்டு விவாதிக்கக் கூடாது. இரண்டு வரியில் சுருக்கமாக ஏதாவது சொல்லலாம், அவ்வளவுதான். பொதுக் கருத்து நேரத்தில் நீங்கள் எழுப்பிய கேள்விக்கு அவர்கள் வாய் திறக்காதது திமிராகவும் இருக்கலாம், சட்டமாகவும் இருக்கலாம். வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட்டாக வேண்டும். அதில் உள்ள ஓர் எண்ணைச் சொல்லி, அந்த இனம் வரும்போது பேசுங்கள். அப்போது அவர்கள் விவாதிக்கலாம். வாக்கும் போடலாம்.

அடுத்து, உடற்பயிற்சிக் கூடத்தை நிறுத்தினால் வகுப்பு திரும்பி வரும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். வராது. பாண்டு என்பது கடன்பத்திரம் விற்று வாங்கி, உங்கள் சொத்து வரியில் அடைக்கும் கடன். 2000-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 39-ஆம் முன்மொழிவின்படி 55 சதவீத வாக்கில் வாங்கும் பாண்டுப் பணத்தைக் கட்டடத்துக்கும் அதன் தளவாடத்துக்கும்தான் செலவிடலாம். ஆசிரியர் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ தொடக் கூடாது. அதற்கு முன் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. அந்த வாக்கு வரம்பைத் தாழ்த்தியதற்கு ஈடாக வைத்த பூட்டு இது. அதே பூட்டில் இன்னொன்று: கம்யூனிட்டி காலேஜ் மாவட்டம் (காலேஜை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஒரு பாண்டுக்கு, வரி மதிப்பில் லட்சம் டாலருக்கு 25 டாலருக்கு மேல் போகாது என்று கணக்குக் காட்டியாக வேண்டும். உங்கள் வீட்டின் வரி மதிப்பு 12 லட்சம் என்றால் ஒரு பாண்டுக்கு 300 டாலர். ஆனால் ‘ஒரு பாண்டுக்கு’ என்பதைக் கவனியுங்கள். மூன்று தேர்தல்களில் மூன்றுக்கும் சரி சொன்னால் மூன்று வரிகள்தான். அந்த 25-உம் பத்திரம் விற்கும்போது போடும் மதிப்பீடே. பின்னால் சொத்து மதிப்பு சரிந்தால், கடனைக் கட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விதிப்பார்கள்.

சம்பளம் வேறு பானையிலிருந்து வருகிறது. 1978-இன் 13-ஆம் முன்மொழிவு வகுத்த ஒரு சதவீதச் சொத்து வரியில் காலேஜுக்கு ஒரு பங்கு உண்டு. பெரும்பாலான மாவட்டங்களில் அது கூடினால் மாநிலம் தரும் தொகை அந்த அளவுக்குக் குறையும். மொத்தத்தை ஒரு மாநிலச் சூத்திரம் தீர்மானிக்கிறது. 2018-19 முதல் வந்த அந்தச் சூத்திரத்தில் பெரும்பங்கு மாணவர் எண்ணிக்கைக்கு. சேர்க்கை விழுந்தால் வகுப்பு விழும். மாணவர் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவின் அலகு) கட்டும் 46 டாலரும் 2012 முதல் சட்டமன்றம் வைத்த தொகை. போர்டு தொட முடியாது. விதிவிலக்கு, உள்ளூர் வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும் மாவட்டங்கள். சான் மடேயோ, மரின் போன்றவை அந்த ரகம். அங்கே உபரி காலேஜிலேயே தங்கும். உங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருந்தால், ‘மாநிலம் தரவில்லை’ என்ற சாக்கை ஏற்காதீர்கள்.

இனி எதைக் கேட்பது என்று பார்ப்போம். வகுப்புகள் பற்றிக் கோபம் என்றால் சிசிஎஃப்எஸ்-311 என்ற ஆண்டு நிதி அறிக்கையை எடுங்கள். அக்டோபர் 10-க்குள் அனுப்ப வேண்டிய ஆவணம் அது. ஐந்து ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துச் செலவுக் குறியீடுகளை ஒப்பிடுங்கள். 1100 முழுநேர ஆசிரியர், 1300 பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர், 1200 வகுப்பெடுக்காத கல்விப் பணியாளர், 5000 வரிசையில் ஆலோசகர், வழக்கறிஞர், பயணம். 1300 சுருங்கி 5000 வீங்கியிருந்தால் உங்களுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. அதே அறிக்கையில்தான் ‘ஐம்பது சதவீதச் சட்டம்’ பற்றிய கணக்கும் இருக்கும்: கல்விக்கான நடப்புச் செலவில் பாதியாவது வகுப்பறை ஆசிரியர் சம்பளமாகப் போக வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். மாணவர் ஆலோசகரும் நூலகரும் இந்தக் கணக்கில் ‘மற்ற பாதி’யில் விழுகிறார்கள். 1200-உம் அப்படித்தான், டீனும் நூலகரும் ஒரே குறியீட்டுக்குள் இருப்பார்கள். சதவீதம் குறைந்ததுமே ‘அதிகாரிகள் கொழுத்தார்கள்’ என்று கிளம்பாமல், 1200-க்குள் யார் யார் என்று பதவிவாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

கையிருப்பையும் பாருங்கள். இரண்டு மாதச் செலவு அளவுக்கு வைத்திருக்கச் சொல்வது மாநில ஆலோசனை. அதைவிட மிக அதிகமாகக் குவித்துக்கொண்டு வகுப்பை வெட்டினால் காரணம் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் செப்டம்பர் 15-க்குள் இறுதி பட்ஜெட்டை ஏற்கும் பொது விசாரணை. அக்டோபரில் வரி பில் வந்த பிறகு கொதித்துப் பயனில்லை.

பாண்டு பற்றிய கோபம் என்றால் குடிமக்கள் கண்காணிப்புக் குழு. குறைந்தது ஏழு பேர். வரி செலுத்துவோர் அமைப்பு, மூத்த குடிமக்கள் அமைப்பு, வணிகர், மாணவர் எனப் பிரதிநிதிகள். காலேஜ் ஊழியரோ ஒப்பந்தக்காரரோ அதில் இருக்க முடியாது. கேட்க அழகாக இருக்கும். இடிக்கும் இடம்: இந்தக் குழுவை நியமிப்பதே அது கண்காணிக்க வேண்டிய போர்டுதான். செலவைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. பார்க்கலாம், ஊருக்குச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் மாவட்டம் 2001, 2003, 2008 ஆகிய மூன்று தேர்தல்களில் சுமார் 570 கோடி டாலருக்கு அனுமதி பெற்றது. 2011-இல் ஒரு நாளிதழ் தொடரும், அதைத் தொடர்ந்து மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் தணிக்கையும் அந்தத் திட்டத்தின் விரயத்தையும் பலவீனமான கண்காணிப்பையும் வெளியே கொண்டுவந்தன. சட்டம் சொன்ன குழு அங்கேயும் இருந்தது.

ஆகவே குழுவின் வருடாந்திர அறிக்கையோடு நிற்காதீர்கள். அதில் நாடா வெட்டும் படங்கள்தான் அதிகம் இருக்கும். மார்ச் 31-க்குள் குழுவுக்கு வர வேண்டிய செயல்திறன் தணிக்கையைக் கேளுங்கள். அதில் மூன்று இடங்கள் போதும். வாக்காளருக்குக் காட்டிய திட்டப் பட்டியலில் இந்தக் கூடம் இருந்ததா? ‘நவீனப்படுத்துதல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எதையும் அடைத்துவிடுவார்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு சேஞ்ச் ஆர்டர்களால், அதாவது வேலை நடுவே ஒப்பந்தத்தில் செய்யும் மாற்றங்களால், தொகை எவ்வளவு ஏறியது? பாண்டுப் பணத்தில் சம்பளம் வாங்கும் அலுவலர்கள் யார்? கட்டுமானத்தை மேற்பார்வையிடும் நேரத்துக்கு மட்டும் அது செல்லும் என்பது 2004-இல் அட்டர்னி ஜெனரல் தந்த கருத்து. நேரப் பதிவேடு இல்லாமல் முழுச் சம்பளத்தையும் ஏற்றியிருந்தால் அதுதான் பிடி. நாலைந்து ஆண்டில் குப்பைக்குப் போகும் லேப்டாப்பை முப்பது ஆண்டுக் கடனில் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். சட்டம் தளவாடத்தை அனுமதிக்கிறது. அறிவு அனுமதிக்கக் கூடாது.

ஆவணம் தர மறுத்தால் பொதுப் பதிவுகள் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். பத்து நாளில் ‘தருவோம்’ அல்லது ‘மாட்டோம்’ என்று சொல்லியாக வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். ‘செலவு விவரம் எல்லாம்’ என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். ‘இன்ன கட்டடத்தின் இன்ன ஆண்டுச் சேஞ்ச் ஆர்டர்கள்’ என்று கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளாட்சி அமைப்புகளை விசாரிக்கும் குடிமக்கள் குழுவான கவுன்டி சிவில் கிராண்ட் ஜூரிக்கு ஒரு புகார். அது விசாரித்து அறிக்கை வெளியிட்டால் போர்டு 90 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

நிரலைப் படிக்கும்போது ‘கன்சென்ட் காலண்டர்’ பகுதியை முதலில் பாருங்கள். பல லட்சம் டாலர் ஒப்பந்தங்கள் ஒரே ‘ஆம்’-இல் விவாதமின்றிப் போவது அங்கேதான். ஓர் இனத்தைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி உங்கள் பகுதி டிரஸ்டிக்கு (போர்டு உறுப்பினர்) முந்தின நாளே மின்னஞ்சல் போடுங்கள். தலைமை நிர்வாகியின் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டம் போட்டு உயர்த்த முடியாது. வழக்கமான கூட்டத்தில், வாக்குக்கு முன் தொகையை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பிரவுன் சட்டத்தைக் காட்டித் திருத்தக் கேளுங்கள்.

இத்தனையும் செய்தும் போர்டு அசையவில்லை என்றால் மிஞ்சுவது தேர்தல். இலினாயில் டூபேஜ் காலேஜ் போர்டு, காலேஜின் தலைவரை அனுப்பிவைக்க 2015 ஜனவரியில் சுமார் 7.63 லட்சம் டாலர் தருவதாக முடிவெடுத்தது. ஏப்ரல் தேர்தலில் மூன்று புதியவர்கள் வென்று பெரும்பான்மை மாறியது. அக்டோபரில் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். அவர் வழக்குக்குப் போனார். மாநிலமும் காலேஜ் தலைவர்களின் விடைத்தொகைக்கு ஓராண்டுச் சம்பளம் என்று உச்சவரம்பு வைத்தது.

உங்கள் வாக்குச்சீட்டில் டிரஸ்டி பெயரையே பார்த்த ஞாபகம் இல்லை என்பீர்கள். உண்மையாக இருக்கலாம். ஒரே ஆள் மனுப் போட்டால் கலிபோர்னியாவில் அந்தப் பதவி வாக்குச்சீட்டில் வராது; அவரே அமர்ந்துவிடுவார். மனுவுக்குக் கடைசி நாள் நவம்பர் தேர்தலுக்கு 88 நாள் முன்பு. இருப்பவர் மீண்டும் போட்டியிடவில்லை என்றால் இன்னும் ஐந்து நாள் கூடுதல்.