கத்தி அழுதவளின் ஜெபம் மேலே போகாதா?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் போனபோது, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அந்த நாட்களில் கடற்கரையில் நின்று கடவுளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். இப்போது அவர் வந்துவிட்டார். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. “நீ பேசியது பெரிய பாவம், உன் ஜெபம் மேலே போகாது, உனக்காக நான் உபவாசமிருந்து மன்றாடுகிறேன்” என்று ஒருவர் வாராவாரம் காணிக்கை வாங்கிப் போகிறார். நிறுத்தப் பயமாக இருக்கிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் காணிக்கையை நிறுத்துங்கள். உங்களுக்காகப் பரிந்து பேச ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் கூலி கேட்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் ஆலயத்தின் உள்ளறையான திருத்தூயகத்துக்குள் போவார். முதலில் தன் பாவத்துக்கே பலி கொடுத்தாக வேண்டும். அவருடைய உடையைப் பற்றி விடுதலைப் பயண நூல் 28ஆம் அதிகாரம் சொல்வதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டு தோள்களிலும் கல்லுக்கு ஆறாக இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களின் பெயர்கள். மார்பிலும் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மக்கள் வெளியே நிற்பார்கள். அவர்கள் பெயர்களைச் சுமந்துகொண்டு அவர் உள்ளே போவார். இயேசுவே அந்தத் தலைமைக் குரு என்கிறது எபிரேயர் திருமுகம். இவரிடம் பாவமில்லை, தம்மையே ஒரே முறை பலியாகக் கொடுத்துவிட்டார், நமக்காகப் பரிந்து பேச என்றும் உயிரோடிருக்கிறார்.

நீங்கள் கத்தி அழுததைப் பற்றி அதே திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. இயேசு இந்த உலகில் இருந்தபோது உரத்த குரலில், கண்ணீரோடு மன்றாடினாராம். கரையில் நின்று கதறும் ஒரு பெண்ணை அவருக்குப் புரியாதா? நம் வலுவின்மையில் நம்மோடு பரிவு காட்டத் தெரியாத குரு அல்ல அவர். நீங்கள் சொன்ன வார்த்தைகளுக்காக மனம் உறுத்தினால் பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். அதற்குமேல் அதைச் சுமக்க வேண்டாம்.

பேதுருவும் வலை இழுத்தவர்தான். அவர் தம்மை மூன்று முறை மறுதலிக்கப் போகிறார் என்று தெரிந்தே, உன் நம்பிக்கை தளராதிருக்க உனக்காக மன்றாடினேன் என்று அவரிடமே சொன்னார் இயேசு. விழுவதற்கு முன்பே மன்றாட்டு முடிந்துவிட்டது! லூக்கா 22இல் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவரை மீட்க மீனவர் சங்கம், கலெக்டர் ஆபீஸ் என்று மனுவோடு அலைந்திருப்பீர்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்று மனதில் பதிந்திருக்கும். கடவுளிடம் அப்படியில்லை. மனமில்லாத தந்தையை மகன் கெஞ்சிச் சம்மதிக்க வைக்கவில்லை. நம்மேல் வைத்த அன்பால் மகனை அனுப்பியவரே தந்தைதான்.

அப்படியானால் கச்சத்தீவு அந்தோணியாரிடமும், 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரிடமும் வேண்டுவது எதற்கு என்று கேட்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் “எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்று கேட்கிறோம் அல்லவா, அதேதான். அவர்களும் கிறிஸ்து வழியாகத்தான் மன்றாடுகிறார்கள். உங்கள் ஜெபத்தை யாரும் தடுத்து நிறுத்துவதும் இல்லை, குத்தகைக்கு எடுப்பதும் இல்லை.

வாய் வராத நாளில் ஒன்றும் சொல்ல வேண்டாம். “ஆண்டவரே, எனக்காக நீரே பேசும்” என்ற ஒரு வரி போதும். அதுவும் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். சில நாள் கழித்துத் திருப்பாடல் 13ஐ எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். “எத்துணைக் காலம் ஆண்டவரே” என்று அங்கேயும் ஒருவர் கடவுளிடம் சண்டைதான் போடுகிறார். காணிக்கை வாங்கும் அந்த மனிதர் அடுத்த வாரம் வாசலுக்கு வந்தால் தனியாக நிற்காதீர்கள், கணவரையும் கூட வைத்துக்கொண்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.